நானூற்றுப் பன்னிரண்டு பூட்டிய வீடுகள்

மத்திய சிறை, பாளையங்கோட்டை
14.6.2025

உதவிப் பொறியாளர் சங்கரி மேடத்துக்கு,

ஏழுமடை பேரூராட்சியில் உங்களுக்குக் கீழே மூன்று வருடம் தண்ணீர் திறந்துவிட்ட அகமது மீரான் எழுதுகிறேன். வால்வைத் திருகும் நீள இரும்புச் சாவியால் ஒருவனை அடித்துக் கொன்றவன் என்று பேப்பரில் போட்டோ போட்டிருந்தார்களே, அந்த மீரான். நலம் விசாரிக்க எழுதவில்லை.

இரண்டாம் முறையும் ஜாமீன் கிடைக்கவில்லை. கொலை வழக்கு. நிரூபித்துவிட்டால் ஆயுசுக்கும் உள்ளேதான். ஒரே வழிதான் இருக்கிறது என்கிறார் என் வக்கீல். நான் கும்பலிடம் மாட்டிக்கொண்டு உயிருக்குப் பயந்து அடித்தேன், இப்படி ஒரு கும்பல் வரும் என்று முன்பே எழுதிக் கொடுத்தும் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று காட்ட வேண்டுமாம். அதற்குத் தண்ணீர் திறப்புப் பதிவேடு வேண்டும். போலீஸ் கோர்ட்டில் கொடுத்த பதிவேட்டில் பிப்ரவரி 11-க்கு அடுத்தது பிப்ரவரி 13. நடுவில் ஒரு தாளைக் காணோம்.

அந்தத் தாளில் எழுதியது எனக்கு மனப்பாடம். 'ரமலானில் விரிவாக்கப் பகுதியின் பூட்டிய வீடுகள் எல்லாம் திறக்கும். மாலையில் விரிவாக்கத்துக்கும் உப்போடைத் தெருவுக்கும் ஒன்றாகத் திறந்தால் உப்போடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது, அடிதடி ஆகும். தனித்தனி நேரம் வேண்டும்.' அதற்குக் கீழே 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். பார்த்தீர்கள் அல்லவா? அப்புறம் என்ன செய்தீர்கள்?

உப்போடைத் தெருவுக்கு ஒன்பது நாள் ஒரு சொட்டு போகவில்லை. மார்ச் 19 அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு நானாகவே விரிவாக்கத்தின் வால்வை அடைத்துவிட்டு உப்போடைக்குத் திறந்தேன். அரை மணி நேரத்தில் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். வால்வு குழிக்குள் நின்ற என்னைத் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தார்கள். விலாவிலும் அடிவயிற்றிலும் மிதித்தார்கள். ஒருவன் குழிக்குள்ளிருந்து சேற்றை அள்ளி, "தண்ணிய நீயே வச்சிருக்கியல்லா, குடி" என்று வாய்க்குள் அடைத்தான். நோன்பு வைத்திருந்த வாய் அது. மூச்சு நின்றுபோகும் நேரத்தில் சாவி கையில் தட்டுப்பட்டது. சுழற்றினேன். அந்தக் கும்பலில் நின்ற முஆதுக்குப் பட்டது. அவன் விழுந்தான், தலை குழியின் சிமெண்ட் விளிம்பில் மோதியது, இறந்துபோனான். டாக்டர் இரண்டு காயம் என்று எழுதியிருக்கிறார். ஒன்று சாவி, இன்னொன்று சிமெண்ட்.

அந்தத் தாளை அனுப்புங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அகமது மீரான்


ஆழ்வார்குறிச்சி
2.7.2025

திரு. அகமது மீரான் அவர்களுக்கு,

இனி எனக்கு எழுத வேண்டாம். நான் அரசுத் தரப்புச் சாட்சி. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவரோடு கடிதம் எழுதி விளையாட எனக்கு அனுமதி கிடையாது.

எழுதியதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அப்படி ஒரு தாள் எனக்கு ஞாபகம் இல்லை. தினமும் மூன்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள் நான். ஏழுமடையின் தண்ணீர்த் திட்டம் விதிப்படி போட்டது. 2,640 வீட்டுக்கும் ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தோம். வீட்டில் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை லிட்டர், பத்து வருடத்தில் எத்தனை பேர் கூடுவார்கள் என்று பார்த்துத்தான் திறப்பு நேரம் வகுத்தேன். விரிவாக்கத்தில் 412 வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிய வீட்டுக்கு ஆள் கணக்கு பூஜ்யம். வேறென்ன போடச் சொல்கிறீர்கள்?

வால்வை அடைக்கச் சொல்லி நான் உத்தரவு போடவில்லை. நீங்களாக அடைத்தீர்கள். ஒரு போன் செய்திருந்தால் போலீசோடு வந்து நின்றிருப்பேன்.

நான் மட்டும் சுகமாக இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். முஆதை அடக்கம் செய்த மறுநாள் என் கார் கண்ணாடியில் பாறாங்கல்லைப் போட்டார்கள். புருவத்தில் எட்டுத் தையல். கண்ணுக்குள் போன சில்லைப் பாளையங்கோட்டையில் வைத்து எடுத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் இங்கே மாற்றல். நீங்கள் சாவியைச் சுழற்றினீர்கள், அடி எல்லோருக்கும் விழுகிறது.

சங்கரி


மத்திய சிறை, பாளையங்கோட்டை
20.7.2025

மேடம்,

எழுத வேண்டாம் என்று சொல்ல இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன்.

கணக்கெடுப்புக்கு உங்களோடு தெருத் தெருவாக வந்தவன் நான். விரிவாக்கத்தில் ஒவ்வொரு பூட்டிய வீட்டின் முன்னாலும் நின்று சொன்னேன். எங்கள் ஆட்களில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வாப்பா ஒரு வீடு கட்டிக் கொடுப்பார். மாப்பிள்ளை தம்மாமுக்கோ துபாய்க்கோ போனதும் அந்தப் பிள்ளை வீட்டைப் பூட்டிவிட்டு உம்மா வீட்டுக்கு வந்துவிடும். மாப்பிள்ளை லீவில் வரும்போதுதான் பூட்டு திறக்கும். எல்லோரும் லீவு கேட்பது ரமலானுக்குத்தான். அப்போது நானூறு வீடும் ஒரே வாரத்தில் திறக்கும், வீட்டுக்கு வீடு விருந்தாளி வரும், தரைக்குக் கீழே கட்டிப் போட்டிருக்கிற பெரிய தொட்டியை எல்லாம் மோட்டார் வைத்துக் குழாயிலிருந்து உறிஞ்சி நிரப்புவார்கள் என்றேன். நீங்கள் அட்டையில் முட்டை போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனீர்கள். வெயிலாக இருந்தது, உங்களுக்கு அவசரம்.

முஆதின் வீடும் அந்த 412-இல் ஒன்று. கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் போனவன், இரண்டு வருடம் கழித்து சாவதற்கு முந்தின வாரம்தான் வந்தான். அன்றைக்கு அந்த வீட்டில் முதல் நோன்பு திறப்பு. அறுபது பேரை அழைத்திருந்தான். தொட்டி ஒழுகிக் காலியாகக் கிடந்தது, கஞ்சி காய்ச்சத் தண்ணீர் இல்லை, தொழுகைக்குக் கைகால் கழுவத் தண்ணீர் இல்லை. மாமனார் முன்னால் மானம் போகிறதே என்றுதான் வந்தான். அவன் பக்கமும் நியாயம் இருந்தது.

போன் செய்திருந்தால் என்கிறீர்கள். அன்றைக்கு ஐந்து முறை செய்தேன். நீங்கள் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தீர்கள்.

அன்றைக்கே என் வீட்டைக் கொளுத்தினார்கள். ருக்சானா பின்வாசல் வழியே ஓடிவந்தாள், பாதித் தலைமுடி கருகிவிட்டது, வலது தோளில் தோல் சுருங்கிப்போயிருக்கிறது. இப்போது ஏரலில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். என் மனைவியைத் தீயில் சுட்டவர்கள் என் தெருக்காரர்கள், சின்ன வயதில் என்னோடு ஆற்றில் குளித்தவர்கள்.

அந்தத் தாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

அகமது மீரான்


ஆழ்வார்குறிச்சி
5.10.2025

மீரான் பாய்,

இரண்டரை மாதம் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். போன வாரம் ஏழுமடையில் நடந்தது உங்களுக்கு எட்டியிருக்கும்.

உங்களுக்குப் பதில் வந்த மகேஸ்வரனை, உப்போடைக்கு ஏன் திறக்கவில்லை என்று கேட்டு வால்வு குழியின் இரும்பு மூடியைக் கையில் போட்டுவிட்டார்கள். வலது கையில் நான்கு விரல் நசுங்கி, இரண்டை எடுத்துவிட்டார்கள். மறுநாள் விரிவாக்கத்துக்குப் போகும் குழாயை உப்போடைக்காரர்கள் கடப்பாரையால் உடைத்தார்கள். உடைந்த இடத்தில் குடம் வைத்துக்கொண்டிருந்த மாரித்தாயின் மண்டையில் விரிவாக்கத்திலிருந்து வந்த ஒருவன் மண்வெட்டியால் போட்டான். பிழைத்துவிட்டாள். ஆனால் பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்று முதன்முதலில் என் ஆபீசுக்கு மனுவோடு வந்தவள் அவள்தான். வாய் ஓயாமல் பேசுவாள், எனக்கு எரிச்சலாக வரும்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு நேரே விரிவாக்கத்துக்குப் போனேன். காலாண்டு விடுமுறை என்று நூறு வீட்டுக்கு மேல் திறந்திருந்தது. முகத்தை மூடிக்கொண்டு, வீடு வாங்க வந்தவள் மாதிரி, தொட்டி எவ்வளவு பெரியது என்று வீடு வீடாகக் கேட்டேன். எந்த வீட்டிலும் பத்தாயிரம் லிட்டருக்குக் குறையவில்லை. 412 வீடும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் நம் மேல்நிலைத் தொட்டியைப் போல நான்கு தொட்டி வேண்டும். இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது.

தாள் என்னிடம் இருக்கிறது. நான்தான் கிழித்தேன். முஆது இறந்த மறுநாள் காலையில், போலீஸ் பதிவேட்டை எடுக்க வருவதற்குள். மேலதிகாரி ஒருவர், 'உங்கள் கையெழுத்து இருக்கிற எதுவும் வெளியே போக வேண்டாம்' என்று மட்டும் சொன்னார். கிழி என்று அவர் சொல்லவில்லை. எரிக்கத் தைரியம் வரவில்லை, பீரோவில் புடவைக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

கொடுத்தால் என் வேலை போகும், என் மேலும் வழக்கு வரும். கொடுக்கிறேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை. பயமாக இருக்கிறது.

சங்கரி


மத்திய சிறை, பாளையங்கோட்டை
3.11.2025

பொறியாளர் அம்மாவுக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல பக்கத்து அறைக்காரர் எழுதுகிறார். முஆதின் சித்தப்பா மகன் சல்மான் ஃபாரிஸ் வேறு ஏதோ வழக்கில் உள்ளே வந்திருக்கிறான். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தான். குளிக்கும் இடத்தில் பின்னாலிருந்து என் கழுத்தில் இழுத்தான். பதினான்கு தையல். தொண்டையில் காற்று போகிற சத்தம் எனக்கே கேட்டது. தடுக்கப் போன கையில் நரம்பும் அறுந்திருக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை.

நீங்கள் புடவைக்கு நடுவில் வைத்துப் பூட்டுங்கள். நல்ல சுங்குடிப் புடவையாகப் பார்த்து வையுங்கள்.

எனக்குக் கொடுக்காவிட்டால் போகட்டும். அடுத்த ரமலான் பிப்ரவரி 19. அந்த நானூற்றுப் பன்னிரண்டு வீடும் மறுபடி திறக்கும். அன்றைக்கும் உங்கள் முட்டைக் கணக்குதான் ஓடப் போகிறதா? இந்த முறை எத்தனை பேர் செத்தால் உங்கள் பயம் தெளியும்?

அகமது மீரான்


ஆழ்வார்குறிச்சி
12.1.2026

மீரான் பாய்,

உங்கள் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். எனக்குக் கிழிப்பது மட்டும் நன்றாக வருகிறது.

ஜனவரி 29 சாட்சி சொல்ல வரச் சொல்லி சம்மன் வந்திருக்கிறது. தாளைக் கொண்டுவருகிறேன். உங்கள் வக்கீலிடம், முன்னெச்சரிக்கை ஏதும் வந்ததா என்று என்னை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள், போதும்.

தண்ணீர்க் கணக்கையும் புதிதாகப் போட்டுவிட்டேன். ரமலான் மாதத்துக்குத் தனி நேரம், விரிவாக்கம் மதியம் ஒன்று முதல் மூன்று, உப்போடை நான்கு முதல் ஐந்தரை, குழாயில் நேராக மோட்டார் போட்டால் இணைப்பு துண்டிப்பு, பற்றாக்குறைக்கு எட்டு லாரி. பேரூராட்சிக்கும் மேலிடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

அதற்குப் பதிலாக ஓர் ஆள் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, என் அப்பாவைத் தெரியும் என்றார். மரியாதையாக உட்கார்ந்து காப்பி குடித்தார். கிளம்பும்போது பையிலிருந்து அரிவாளை எடுத்து மேசை மேல் வைத்து, "பழைய பேப்பர்லாம் எடைக்குப் போட்டுரணும்மா, வீட்ல வச்சா கரையான் ஏறும்" என்று சொல்லிவிட்டு, மறுபடி அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டேன். அப்புறம் ஆத்திரம்தான் வந்தது. நான் வருகிறேன்.

சங்கரி


20.1.2026

சங்கரி மேடத்துக்கு,

வாய்தாவுக்குக் கோர்ட்டுக்கு அழைத்து வந்தபோது ருக்சானா கையில் இதைக் கொடுத்தேன். கை பேனா பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டது, நானே எழுதுகிறேன்.

நீங்கள் தாளைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றதும் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் வேலையைப் பணயம் வைத்து நீங்கள் காப்பாற்றப் போவது எதை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதல் அடி நான் சொன்ன மாதிரிதான். மிதித்தார்கள், மூச்சு முட்டியது, சுழற்றினேன், அவன் நெற்றிப் பொட்டில் பட்டது. ரத்தத்தைக் கண்டதும் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நானும் அவனும் மட்டும்தான் இருந்தோம். அவன் தலை சிமெண்டில் மோதவில்லை, மண்ணில்தான் விழுந்தான். கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். எனக்கு அப்போது பயம் இல்லை, மேடம். வாயில் சேறு இருந்தது, அதைத் துப்பினேன். சாவியை இரண்டு கையாலும் பிடித்து, நன்றாகக் கால் ஊன்றி நின்று, பின்மண்டையில் போட்டேன். தேங்காய் உடைகிற சத்தம். எனக்கு அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது. அதுதான் என்னைத் தின்கிறது.

வக்கீலுக்குக்கூட இது தெரியாது. உங்கள் தாள் முதல் அடிக்குத்தான் பதில் சொல்லும். இதையும் வைத்துக்கொண்டு உங்களுக்குச் சரி என்று படுவதைச் செய்யுங்கள்.

அகமது மீரான்


ஆழ்வார்குறிச்சி
3.2.2026

மீரான் பாய்,

நீங்கள் கூண்டில் இருந்தீர்கள், பாதியைப் பார்த்தீர்கள். உங்கள் வக்கீல் கேட்டார், தாளை எடுத்துக் கொடுத்தேன், நான்தான் கிழித்தேன் என்றும் சொன்னேன். சாயங்காலமே தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்துவிட்டது. மறுநாள் எல்லாப் பேப்பரிலும் செய்தி. பேப்பரில் வந்ததால் பேரூராட்சி அவசரக் கூட்டம் போட்டு என் புதிய நேரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. வால்வு குழிகளுக்குப் போலீஸ் காவல் போடுகிறார்கள்.

நீங்கள் பார்க்காத பாதி இது. உங்கள் கடிதமும் என் பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதைக் கொடுத்தால் என் தாள் வீணாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வேப்பமரத்தடியில் முஆதின் தாய் ஹமீது பீவி நின்றிருந்தார். என்னை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் வந்து என் புருவத்துத் தழும்பைப் பார்த்தார்.

"ஏம்மா, எம்புள்ள விழுந்து செத்தானா, அடிபட்டு செத்தானா? அந்த வக்கீல் சிமெண்டுங்கான், இந்த வக்கீல் சாவிங்கான். உனக்குத் தெரிஞ்சா சொல்லு" என்றார்.

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு தாளை மறைத்தது போதும், இன்னொன்றையும் மறைக்க முடியாது என்று ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தை நீட்டினேன். தமிழ் வாசிக்கத் தெரியாது, நீயே வாசி என்றார். அந்த வெயிலில் நின்று முழுவதையும் வாசித்தேன். தேங்காய் என்ற இடத்தில் நிறுத்தினேன். மேலே வாசிக்கச் சொன்னார். முடிந்ததும் கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அவர் அதை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். உங்கள் ஆயுள் அது, என்னுடையது இல்லை. நான் செய்தது தப்பென்றால் திட்டி எழுதுங்கள்.

சங்கரி


மத்திய சிறை, பாளையங்கோட்டை
14.2.2026

சங்கரி மேடத்துக்கு,

திட்ட ஒன்றும் இல்லை. என்னால் கொடுக்க முடியாததை நீங்கள் கொடுத்தீர்கள்.

நேற்று ஹமீது பீவி மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். சாபம் விடுவார், துப்புவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கடிதத்தை எடுத்துக் காட்டினார். இதை இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை என்றார். கோர்ட்டில் கொடுக்கட்டுமா, அடுப்பில் போடட்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும் என்றார்.

"ஏலே மீரான், ரெண்டாவது தடவ நீ ஓங்குததுக்கு முன்னால எம்புள்ள ஏதும் பேசுனானா?"

மேடம், அதை நான் உங்களுக்கும் எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன், அதை மட்டும் விட்டுவிட்டேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை, அவன் சொல்ல வர மாட்டான்.

பேசினான் என்றேன். என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன். கையை ஊன்றி எழுந்தவன் என்னைப் பார்த்து, "காக்கா, நான் போயிருதேன்" என்றான். சின்னப் பிள்ளையில் என் சைக்கிளில் மதரசாவுக்கு வரும்போது, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்ட அதே காக்காதான். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஓங்கினேன்.

அவர் வலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். காவலர் வந்து தூக்கினார். போகும்போது கடிதத்தை வலையின் ஓட்டை வழியாக என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

இப்போது அது என் கையில் இருக்கிறது. இன்று காலையில் வக்கீல் வந்து, உங்கள் தாள் நன்றாக எடுபட்டிருக்கிறது, ஐந்தாறு வருடத்தில் வெளியே வந்துவிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வியாழக்கிழமை முதல் நோன்பு. அன்றைக்குத்தான் நீதிபதி என்னிடம் நேராகக் கேட்கிறார். அவன் கடைசியாகச் சொன்ன அந்த மூன்று வார்த்தையையும் சொல்லிவிட்டு, கடிதத்தை அவர் மேசையில் வைக்கப் போகிறேன்.

அகமது மீரான்